வீட்டுல கேரமல் வச்ச சாண்ட்விச் பிஸ்கட் சுடுறது எப்படி: மதுரை வெயிலுக்கு ஏத்த மாதிரி

எங்க தம்பி கப்பல்ல வேலை பாக்குறான். லீவுக்கு வரும்போது அர்ஜென்டினாவுல இருந்து ஒரு டப்பா பிஸ்கட் கொண்டு வந்தான். ரெண்டு வெள்ளை பிஸ்கட், நடுவுல தடியா பால் கேரமல், ஓரம் பூரா தேங்காப்பூ. அந்தப் பக்கம் இதுக்குப் பேரு அல்ஃபஹோர், நடுவுல வைக்கிறது துல்சே தெ லெச்சே, பால் இனிப்புன்னு அர்த்தம். வாயில போட்டதும் பிஸ்கட் பொடியா உதிர்ந்து கரைஞ்சு போகுது, எங்க அப்பத்தாவுக்குப் பல்லு கிடையாது, அவங்களே ரெண்டு சாப்பிட்டாங்க. டப்பா மூணு நாள்ல காலி, நம்மளே செஞ்சிருவோம்னு இறங்கிட்டேன்.

நாலு தடவை கெட்டுப்போச்சு, அஞ்சாவது தடவைதான் வந்துச்சு. காரணம் என்னன்னா நான் பாத்த குறிப்பெல்லாம் குளிர் ஊருக்காரங்க எழுதுனது. ரூம் டெம்பரேச்சர்ல வெண்ணெய் இருக்கணும்னு அவங்க சொல்றது 20 டிகிரியை, சித்திரை மாசம் நம்ம அடுப்படி 38 டிகிரியில கொதிக்குது, அங்க வெண்ணெயை வச்சா எண்ணெயாத்தான் நிக்கும். அதனால நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி, நான் எங்கெங்க மாட்டுனேனோ அதையெல்லாம் சேர்த்து எழுதிருக்கேன். கேக் கூட செஞ்சதில்லைன்னாலும் பரவாயில்ல, வரிசையா செஞ்சா வரும்.

1. ஒரே நாள்ல முடிக்கலாம்னு இறங்காதீங்க

இதுதான் முதல் விஷயம். கேரமல் நல்லா ஆறணும், மாவு நல்லா குளிரணும், பிஸ்கட்டும் ஆறணும், இந்த மூணுல எது ஒன்னு சூடா இருந்தாலும் மொத்தமும் போச்சு. நான் முதல் மூணு தடவையும் ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் தட்டுல வச்சிரணும்னு பாத்தேன், மூணு தடவையும் ஏதாவது ஒன்னு உருகி ஓடிருச்சு.

இப்ப நான் பண்றது, சனிக்கிழமை சாயங்காலம் கேரமல், ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் மாவு பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிர்றது, ஞாயித்துக்கிழமை வெள்ளன அஞ்சரை ஆறு மணிக்கு எந்திரிச்சு வெயில் ஏறதுக்குள்ள சுட்டு முடிச்சிர்றது, பத்து மணிக்கு மேல ஒட்டுறது. உங்க கையால செய்ற வேலைன்னு பாத்தா மொத்தமே ரெண்டரை மணி நேரம்தான், மிச்சமெல்லாம் காத்திருக்கிறது. வார நாள்ல செய்றதா இருந்தா உங்க ஏரியாவுக்கு மாதாந்திர பராமரிப்பு மின் தடை என்னைக்குன்னு பேப்பர்ல பாத்துக்கோங்க, காலையில போனா சாயங்காலம்தான் வரும், மாவு ஃப்ரிட்ஜ்ல தொளதொளன்னு ஆயிரும்.

2. என்னென்ன வேணும், எவ்வளவு ஆகும்

18ல இருந்து 20 ஜோடி வர்ற அளவு இது:

- கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம் டின் ஒன்னு
- உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம்
- மைதா 100 கிராம்
- கார்ன் ஃப்ளார் 150 கிராம்
- பொடிச்ச சர்க்கரை 75 கிராம்
- மஞ்சக்கரு 2
- பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன்
- ஒரு எலுமிச்சம்பழத்தோட தோல் துருவல், வெனிலா எசன்ஸ் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை
- உலர்ந்த தேங்காய்த் துருவல் 50 கிராம்

நான் கடைசியா வாங்குனப்ப டின் 150 ரூபாய்க்குப் பக்கம், வெண்ணெய் 60 ரூபா, மிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு 100 ரூபா, கேஸு கரண்ட்டையும் போட்டா 330, 340 ரூபா வந்துச்சு. அதாவது ஒரு ஜோடிக்கு 17 ரூபா. சாமான் எல்லாம் கீழமாசி வீதி மளிகைக் கடையிலயே கிடைச்சிரும், வெண்ணெயை மட்டும் வீட்டுக்குப் பக்கத்துல வாங்குங்க, டவுன்ல வாங்கி பஸ்ல கொண்டு வந்தா வீடு சேர்றதுக்குள்ள உருகிரும்.

வாங்கும்போது ஏமாறுற இடம் நாலு இருக்கு.

கார்ன் ஃப்ளார்னா வெள்ளையா, விரல்ல தேய்ச்சா கறுக்கு முறுக்குன்னு சத்தம் வர்ற ஸ்டார்ச். சில கடையில மக்காச்சோள மாவுன்னு மஞ்சளா ஒன்னு குடுப்பாங்க, அது வேற. பிஸ்கட் வாயில கரையுறதே அந்த வெள்ளை மாவாலதான், மைதாவை விட அது கூட இருக்கணும், அளவைப் பாத்து பயந்து மாத்திப் போட்டுறாதீங்க.

பேக்கிங் பவுடர் கேட்டா ஆப்ப சோடாவை நீட்டுவாங்க. ரெண்டும் ஒன்னு இல்ல, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டீங்கன்னா சோப்பு மாதிரி கசக்கும். வீட்டுல பழைய பேக்கிங் பவுடர் கிடந்தா அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீர்ல போட்டுப் பாருங்க, நுரைச்சு பொங்குனா உயிர் இருக்கு.

வீட்டுல கடைஞ்ச வெண்ணெய் வாசனை பிரமாதமா இருக்கும், ஆனா அதுல தண்ணி கூட. அதைப் போட்டா மாவு பிசுபிசுன்னு வந்து பிஸ்கட் கெட்டியாயிரும். ஐஸ் தண்ணியில போட்டு நல்லா பிழிஞ்சு துணியில ஒத்தி எடுத்தாலும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வருது, அதனால முதல் தடவை பாக்கெட் வெண்ணெயே வாங்குங்க. உப்பு போட்டதுதான் கிடைக்குதுன்னா தனியா உப்பு போடாம விட்டுருங்க.

அப்புறம் தேங்காய். நம்ம வீட்டுல தேங்காய்க்குப் பஞ்சம் இல்ல, உடனே ஒரு மூடியைத் துருவத் தோணும். பச்சைத் துருவல் மறுநாளே புளிச்சுப் போயிரும், பிஸ்கட்டும் கூடச் சேர்ந்து கெட்டுரும். உலர்ந்ததுதான் வேணும்.

தராசு இல்லைன்னா ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிருங்க, 300, 400 ரூபாய்க்குள்ள வரும். டம்ளர் கணக்குல செஞ்சுதான் எனக்கு ரெண்டு தடவை கெட்டுச்சு.

3. கேரமல்: குக்கர்ல செய்றது

முதல்ல ஒரு எச்சரிக்கை. கண்டென்ஸ்டு மில்க் டின்னை மூடியோட அப்படியே குக்கர்ல போட்டு வேகவைங்கன்னு நிறைய பேர் சொல்வாங்க, நானும் செஞ்சேன். டின் உப்பிப்போய் இருந்துச்சு, ஆறுறதுக்குள்ள திறந்தேன், கொதிக்கிற கேரமல் பீச்சி அடிச்சு முழங்கையில பட்டுருச்சு, தழும்பு இன்னும் இருக்கு. தயவு செஞ்சு இதைச் செய்யாதீங்க, வீட்டுல குழந்தைங்க சுத்திக்கிட்டு இருப்பாங்க.

டின்னைத் திறந்து பாலை ஒரு எவர்சில்வர் டப்பாவுல முக்கால் அளவுக்கு ஊத்துங்க, ஒன்னுல கொள்ளலைன்னா ரெண்டு கிண்ணமா பிரிச்சுக்கோங்க. மேல அலுமினியம் ஃபாயில் போட்டு இறுக்கி நூல் கட்டுங்க, இல்லைன்னா ஆவித் தண்ணி உள்ள சொட்டும். குக்கர்ல அடியில தட்டு வச்சு, ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி, டப்பாவோட பாதி உயரம் வரைக்கும் தண்ணி நிக்குற மாதிரி பாத்துக்கோங்க. அலுமினிய குக்கர்னா ஒரு சுளை புளியைத் தண்ணியில போட்டா உள்பக்கம் கறுக்காது.

முதல் விசில் வர்ற வரைக்கும் பெருந்தீ, வந்ததும் சிம்மு. அங்கிருந்து 45 நிமிஷம். நடுவுல விசில் அடிச்சுக்கிட்டே இருந்தா தீ கூட இருக்குன்னு அர்த்தம், தண்ணி வத்திரும், குறைச்சிருங்க. அடுப்பை அணைச்சதும் வெயிட்டைத் தூக்கி பிரஷரை விடாதீங்க, டப்பாக்குள்ள இருக்குறது பொங்கி ஃபாயிலைத் தள்ளிரும், தானா அடங்கட்டும்.

திறந்து பாக்கும்போது ஜிகர்தண்டாவுல ஊத்துற சுண்டக் காய்ச்சின பால் நிறத்துல இருந்தா பத்தாது, இன்னொரு 10 நிமிஷம் வைக்கணும். கருப்பட்டி மிட்டாய் நிறத்துக்கு வந்துருச்சுன்னா சரி. மேல திட்டுத்திட்டா, கட்டி தட்டுன மாதிரி தெரியும், பயப்படாதீங்க, சூட்டோட கரண்டியால நல்லா அடிச்சுக் கலக்குனா வழுவழுன்னு ஆயிரும். ஆறுனதும் மூடி ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும்.

4. டின் வேணாம்னா பாலைக் காய்ச்சியே செய்யலாம்

திரட்டுப்பால் காய்ச்சுன கை உங்களுதுன்னா இது இன்னும் ருசியா வரும். ஃபுல் கிரீம் பால் ஒரு லிட்டர், சர்க்கரை 250 கிராம், ஆப்ப சோடா கால் டீஸ்பூன். சோடா எதுக்குன்னா, பால் சுண்டச் சுண்ட புளிப்பு ஏறி திரிதிரியா போகப் பாக்கும், சோடா அதைத் தடுக்கும், நிறமும் சீக்கிரம் இறங்கும். ஆனா போட்ட உடனே குபுகுபுன்னு நுரைச்சு எழும்பும், மூணு லிட்டர் பிடிக்கிற அடிகனமான பாத்திரமா எடுத்துக்கோங்க.

முதல் ஒரு மணி நேரம் நடுத்தரத் தீயில வச்சு அப்பப்ப கிண்டுனா போதும். அதுக்கப்புறம் அடுப்பை விட்டு நகராதீங்க. கடைசி அரை மணி நேரத்துல சடசடன்னு கெட்டியாகும், போன் வந்துச்சுன்னு அங்கிட்டு திரும்புனா அடி பிடிச்சிரும், அடி பிடிச்ச வாசனையை எதைப் போட்டாலும் எடுக்க முடியாது.

எப்ப இறக்குறதுன்னு கண்டுபிடிக்க ஒரு எவர்சில்வர் தட்டை ஃப்ரீசர்ல வச்சிருங்க. அதுல ஒரு சொட்டு விட்டு, பத்து எண்ணி, தட்டை லேசா சாய்ச்சுப் பாருங்க. ஓடுனா இன்னும் ஆகல. சொட்டு இருந்த இடத்துலயே நின்னு ஓரம் மட்டும் பைய நகர்ந்தா உடனே இறக்கிருங்க. பாத்திரத்துல அப்ப அது தண்ணியாத்தான் தெரியும், ஆறும்போது இன்னும் கெட்டியாகும். அடுப்புலயே கெட்டியாகட்டும்னு நான் காத்திருந்து ஒரு தடவை திரட்டுப்பாலாவே ஆயிருச்சு, வெதுவெதுப்பான பால் ரெண்டு ஸ்பூன் விட்டு இளக்கித்தான் சரி பண்ணேன். கிண்டும்போது பாத்திரத்து ஓரத்துல காஞ்சு ஒட்டியிருக்குறதைச் சுரண்டி உள்ள தள்ளாதீங்க, அந்தச் சர்க்கரைதான் மறுநாள் மணல் மணலா நிக்கும்.

மொத்தம் ரெண்டு மணி நேரம் ஆகும், 350 கிராம் மாதிரி கிடைக்கும். டின்னை விடச் செலவு பாதிதான்.

எந்த வழியில செஞ்சாலும் பிஸ்கட்டுக்கு வைக்கிற கேரமல் கெட்டியா இருக்கணும். அர்ஜென்டினாவுல கூட பேக்கரி வேலைக்குன்னு தனியா கெட்டியான ரகம் விக்கிறாங்க, பிரெட்டுல தடவுறது வேற. ஸ்பூனைக் கவுத்தா விழாம நிக்கணும், அதுதான் அளவு.

5. மாவு

வெண்ணெயை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து, விரலை வச்சு அழுத்துனா குழி விழுற வரைக்கும் மட்டும் வெளிய வைங்க. கோடையில பத்து நிமிஷம், மார்கழியில அரை மணி நேரம். பளபளன்னு ஆயிருச்சுன்னா நேரம் தாண்டிருச்சு, திரும்ப உள்ள வச்சிருங்க.

வெண்ணெயும் பொடிச்ச சர்க்கரையும் மரக்கரண்டியால ரெண்டு நிமிஷம் குழைச்சு, மஞ்சக்கரு ஒன்னொன்னா விட்டு, வெனிலாவும் எலுமிச்சைத் தோலும் போடுங்க. தோல்ல மேலாப்புல இருக்குற மஞ்சளை மட்டும் துருவணும், உள்ள வெள்ளை கசக்கும். மைதா, கார்ன் ஃப்ளார், பேக்கிங் பவுடர், உப்பு எல்லாத்தையும் ஒன்னா ரெண்டு தடவை சலிச்சு அதுல கொட்டி, விரல் நுனியால சேர்த்துப் பிடிங்க.

இங்க கவனம். நம்ம கை சப்பாத்தி மாவு, பரோட்டா மாவு பிசைஞ்சு பழகுன கை, மாவைப் பாத்ததும் அழுத்திப் பிசையப் போகும். கூடாது. ஒட்டி உருண்டையாச்சா, நிறுத்திருங்க. பிசையப் பிசைய பிஸ்கட் இறுகும், கைச்சூட்டுல வெண்ணெயும் உருகும். தட்டையா வட்டமா தட்டி, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. உருண்டையாவே வச்சா காலையில கல்லு மாதிரி இருக்கும், தேய்க்க முடியாது.

முட்டை வேணாம்னா மஞ்சக்கருவுக்குப் பதிலா ஆறுன பால் 3 டேபிள் ஸ்பூன். நல்லாவே வரும், கொஞ்சம் வெளுப்பா இருக்கும், உடையுறதும் கொஞ்சம் கூட, அம்புட்டுதான் வித்தியாசம்.

6. சுடுறது

ஓடிஜியை (கரண்ட்ல ஓடுற சின்ன ஓவன்) 170 டிகிரியில வச்சு 15 நிமிஷம் முன்சூடு பண்ணுங்க, மேல கீழ ரெண்டு ராடும் எரியணும். ஓடிஜி திருகுல காட்டுற சூடு உள்ள இருக்குறதோட ஒத்துப் போகும்னு நம்பாதீங்க, எங்க வீட்டு ஓடிஜி 170ல வச்சா 190 போகுது, உள்ள வைக்கிற தெர்மாமீட்டர் வாங்குனப்புறம்தான் தெரிஞ்சுச்சு. மைக்ரோவேவ்னா கன்வெக்‌ஷன் மோடுல மட்டும்தான் முடியும்.

மாவை வெளிய எடுத்து அஞ்சு நிமிஷம் விட்டு, ரெண்டு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு நடுவுல வச்சு அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடத் தேய்ங்க. ஓரம் வெடிச்சா விரலால ஒட்டிவிட்டுக்கலாம், கார்ன் ஃப்ளார் மாவு அப்படித்தான் வெடிக்கும். கட்டர் இல்லைன்னா நாலரை, அஞ்சு சென்டிமீட்டர் வாய் இருக்குற சின்ன டம்ளர் போதும். வெட்டுனதைத் தட்டுல அடுக்கி, தட்டோட பத்து நிமிஷம் ஃப்ரீசர்ல வச்சிட்டு அப்புறம் ஓவன்ல வைங்க. கோடையில இந்தப் பத்து நிமிஷத்தை விட்டீங்கன்னா எல்லாம் பரந்து ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிரும். எனக்கு முதல் தட்டு அப்படித்தான் ஒரே பெரிய அடையா வந்துச்சு.

நடு தட்டுல 9ல இருந்து 11 நிமிஷம். எட்டாவது நிமிஷத்துல இருந்து கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருங்க. நம்ம பழக்கத்துக்கு பிஸ்கட்னா செவக்கணும், இதுல செவந்தா போச்சு. மேல வெள்ளையாவே இருக்கணும், ஒன்னைத் திருப்பிப் பாத்தா அடியில மட்டும் லேசா, தோசை வேக ஆரம்பிக்கும்போது ஓரம் மாறுமே அந்த அளவுக்கு நிறம் மாறியிருக்கும். தொட்டா மெத்துன்னுதான் இருக்கும், வேகலையோன்னு திரும்ப உள்ள தள்ளாதீங்க. தட்டுலயே அஞ்சு நிமிஷம் விட்டா தானா இறுகும், அதுக்கு முன்னாடி கையை வச்சா உடையும்.

ஓவனே இல்லைன்னா அடிகனமான பெரிய கடாயில ரெண்டு டம்ளர் கல்லுப்பு பரப்பி, மேல ஸ்டாண்டு வச்சு, மூடி 10 நிமிஷம் சூடு பண்ணுங்க. தட்டுல ஆறு ஏழு பிஸ்கட் வச்சு, சிம்முக்கும் நடுத்தரத்துக்கும் நடுவுல 12ல இருந்து 15 நிமிஷம். அடி சீக்கிரம் செவக்கும், ரெண்டு தட்டு ஒன்னு மேல ஒன்னு போட்டா தப்பிக்கும். குக்கர்ல செஞ்சா கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழட்டிருங்க, தண்ணி ஊத்தக் கூடாது.

7. ஒட்டுறது

பிஸ்கட் முழுசா ஆறியிருக்கணும். கேரமலை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து பத்து நிமிஷம் வைங்க, ரொம்ப கெட்டியா இருக்கும்போது தடவுனா பிஸ்கட் ரெண்டா போயிரும். கத்தியால தடவாதீங்க. பால் கவரைக் கழுவி நல்லா காயவச்சு ஓரத்தை வெட்டி, அதுல கேரமலைப் போட்டு நடுவுல 15 கிராம், அதாவது நல்லா குவிச்ச ஒரு டீஸ்பூன் பிதுக்குங்க. இன்னொரு பிஸ்கட்டை மேல வச்சு விரல் எல்லாத்தையும் பரப்பி சமமா அழுத்துனா கேரமல் ஓரம் வரைக்கும் வந்து ஒரு நூல் அளவுக்கு வெளிய தெரியும். அதைத் தேங்காய்த் துருவல்ல சக்கரம் மாதிரி உருட்டுங்க.

உடனே சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா டப்பாவுல போட்டு ஒரு ராத்திரி வச்சுப் பாருங்க. கேரமல்ல இருக்குற ஈரம் பிஸ்கட்டுக்குள்ள இறங்கி ரெண்டும் ஒன்னாயிரும், தம்பி கொண்டு வந்த டப்பாவுல இருந்த அந்த மெதுமை மறுநாள்தான் எனக்குக் கிடைச்சுச்சு. யாருக்காவது குடுக்கணும்னா முந்தின நாளே ஒட்டி வச்சிருங்க.

8. எத்தனை நாள் தாங்கும்

காத்துப் போகாத டப்பாவுல வெளிய வச்சா நம்ம ஊர் கோடையில மூணு நாள், மழை மார்கழியில அஞ்சு நாள். ஃப்ரிட்ஜ்ல பத்து நாள், சாப்பிடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி எடுத்து வைக்கணும். நடுவுல ஒட்டாம பிஸ்கட்டை மட்டும் வச்சா ரெண்டு வாரம் தாங்கும், அதனால ஒரே நேரத்துல ரெண்டு மடங்கு சுட்டு வச்சு தேவைக்கு ஒட்டிக்கலாம். பஸ்ல ஊருக்குக் குடுத்து விடும்போது அடுக்குக்கு நடுவுல பேப்பர் போடுங்க, டப்பாவுல இடம் காலியா இருந்தா டிஷ்யூவை அடைச்சிருங்க, ஆடுனா உடையும்.

9. விக்கணும்னு நினைச்சா

தெரிஞ்சவங்க ரெண்டு பேர் காசு குடுத்துக் கேட்க ஆரம்பிச்சதும் நான் பதிவு பண்ணிட்டேன். வீட்டுல செஞ்சு வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையத்துல பதிவு வேணும். சின்ன அளவுல செய்றவங்களுக்கு லைசன்ஸ் இல்லாம வெறும் பதிவே போதும், அவங்களோட ஃபாஸ்காஸ் இணையதளத்துல நம்மளே போடலாம். போட்டோ, ஆதார், வீட்டு முகவரிக்கு ஒரு ஆதாரம், இதை ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. நான் போட்டப்ப வருஷத்துக்கு 100 ரூபா கட்டணம். ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல முதல்ல 2,000 ரூபா கேட்டாங்க, அந்தக் காசைக் குடுத்திராதீங்க, போன்லயே அரை மணி நேரத்துல முடியிற வேலை. ஆதார்ல இருக்குற முகவரியும் நீங்க செய்ற இடமும் வேறயா இருந்தா வாடகை ஒப்பந்தத்தையோ கரண்ட் பில்லையோ முதல்லயே சேர்த்துருங்க, எனக்கு அதுலதான் திருப்பி அனுப்பி பத்து நாள் தள்ளிப் போச்சு.

பதிவு நம்பர் 14 இலக்கத்துல வரும், அதை டப்பா லேபிள்ல போடணும், கூடவே என்னென்ன போட்டிருக்கு, செஞ்ச தேதி, எது வரைக்கும் சாப்பிடலாம். மஞ்சக்கரு போட்டதுன்னா அது அசைவக் கணக்கு, பழுப்பு முக்கோணக் குறிதான் போடணும், பச்சைப் புள்ளி போடக் கூடாது. நம்ம ஊர்ல வெள்ளிக்கிழமைக்கும் புரட்டாசி மாசத்துக்கும் முட்டை போட்டதான்னு கேட்டுத்தான் வாங்குவாங்க, அந்த ஆர்டருக்குப் பால் விட்டுச் செய்றதைக் குடுங்க, ரெண்டுக்கும் தட்டு, கட்டர், டப்பா எல்லாத்தையும் தனித்தனியா வச்சுக்கோங்க.